அந்தத் தலையணை குழந்தையல்ல: கருப்பையகற்றலும் நமது வாசிப்பும்

2006ஆம் ஆண்டளவில் புத்தளத்தில் நடந்த ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்துப் புள்ளியிடும் மூவரில் ஒருவனாக இருந்தேன். வந்த கதைகளில் பெரும்பாலானவை 1990 ஒக்டோபரைப் பற்றியவை. ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தல், திறப்பை மடியில் கட்டிக்கொண்டு நின்ற உம்மாமார், எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து கற்பிட்டிக்கு வந்த வள்ளங்கள், மழையில் நனைந்த பிள்ளைகள். எழுதியவர்கள் அதை அனுபவித்தவர்கள், அல்லது அனுபவித்தவர்களின் பிள்ளைகள். ஆகவே அக்கதைகளில் பொய் இருக்கவில்லை. ஆனால் ஒரே கதையைப் பல கைகள் எழுதியது போன்ற அலுப்பு இருந்தது.

அவற்றுக்கிடையில் ஒரு கதை ஒதுங்கி நின்றது. மன்னார்த் தீவிலிருந்து வந்து முகாமில் வாழும் ஒரு பெண். வயது நாற்பத்து நான்கு. ஐந்து பிள்ளைகளின் தாய். நான்கைந்து வருடமாக அவளுக்கு மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கடைசியில் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். கிடுகுக் கொட்டிலுக்குத் திரும்பி ஆறு கிழமை படுத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. பக்கத்துக் கொட்டிலின் அடுப்புப் புகை வருகிறது, அவளுக்கு இருமல் எழுகிறது. இருமல் வரும்போதெல்லாம் ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு இறுக அணைத்துக்கொள்கிறாள். முகாமின் பொது மலசலகூடம் எத்தனை எட்டு தூரத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறாள். மன்னார் என்ற பெயர் முழுக் கதையிலும் ஒரேயொரு முறைதான் வருகிறது: ஊர் வீட்டில் குசினிக்குப் பின்னால் கிணறு இருந்தது என்று நினைக்கும் இடத்தில்.

நடுவர்களில் ஒருவர், கருப்பை என்பது இழந்த மண். அது அறுத்தெடுக்கப்படுவது வெளியேற்றம். தலையணை, இனிப் பிறக்கப்போகாத தலைமுறை என்று வாசித்தார். குறியீடு நல்லது, ஆனால் எழுதியவருக்கு அதை முழுமைப்படுத்தத் தெரியவில்லை என்றார். அவருடைய வாசிப்பை நானும் ஏற்றுக்கொண்டேன். என் பங்குக்குப் பிரதியின் ஓரத்தில் இப்படி எழுதினேன்: வைத்தியசாலைத் துண்டுபோல் இருக்கிறது, தேவையற்ற விவரணை, தலையணை மூன்று முறை வருகிறது, ஒன்று போதும். கதைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. மறுநாளே அதை மறந்துபோனேன்.

அந்த ஓரக்குறிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஒரு விமர்சகன் தனது பிழையைச் சொல்வதற்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது பெருமைக்குரியதல்ல. ஆயினும் அது என் ஒருவனுடைய பிழை மட்டுமல்ல என்று எண்ணுவதால் இதனை எழுதுகிறேன்.

*

2017இல் என் ராத்தாவுக்கு அதே சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது அவர் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிக் குடியேறி ஏழெட்டு வருடங்கள். கருப்பையில் கட்டி, டொக்டர்மார் பைப்ரொயிட் என்பார்கள். புற்றல்ல, ஆனால் இரத்தம் போய்ப்போய் முகம் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்கும் நிலை. மருந்தில் நிற்காதபோது எடுப்பதென்று முடிவாயிற்று. ஓர் அரச வைத்தியசாலையில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். சூலகங்களை விட்டுவைத்தார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. உடனே பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து வயிற்றோடு இறுக அணைத்துக்கொண்டு இருமினார். பக்கத்துக் கட்டிலில் பேசாலைப் பெண்ணொருத்தி; அவளுக்கும் அதே சத்திரசிகிச்சை, மூன்று நாள் முந்தி. 'அப்பிடித்தான், இன்னும் இறுக்கிப் பிடிங்க' என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தையல் இழுபடாமல் இருப்பதற்கு அதுதான் வழி. சத்திரசிகிச்சைக்குப் பின் தாதிமார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போதும்கூடத் தலையணை வேண்டும். ராத்தா சொன்னார்: 'சிரிக்க வைக்காதடா தம்பி. அழுதா நோவு இல்ல, சிரிச்சாத்தான் நோவுது.'

அந்தக் கணத்தில் பத்து வருடத்துக்கு முந்திய கையெழுத்துப் பிரதியும் அதன் ஓரத்தில் நான் எழுதியதும் கண்முன் வந்தன. அந்தத் தலையணை குழந்தையல்ல. பிறக்காத தலைமுறையுமல்ல. அது ஒரு தலையணை. மூன்று முறை வந்ததற்குக் காரணம் அந்தப் பெண் மூன்று முறை இருமினாள் என்பதே. எழுதியவருக்குத் தெரிந்திருந்தது, நடுவர்கள் மூவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எமது அறியாமையை அவருடைய கலைக்குறைபாடாக எழுதிவைத்தோம்.

இன்னொன்றும் பிறகுதான் விளங்கியது. கருப்பையை மன்னாராகவும் மன்னாரைக் கருப்பையாகவும் மாற்றிப் பார்க்கும் அவசரத்தில், அக்கதையில் வெளியேற்றம் எங்கே இருந்தது என்பதைக் காணத் தவறியிருந்தோம். அது கிணற்றில் இருந்தது. ஊரில் குசினிக்குப் பின்னால் கிணறு. முகாமில் தண்ணீருக்கு நடை, மலசலகூடத்துக்கு நடை, அங்கும் வரிசை. வயிறு தைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சொந்த வீட்டை இழப்பதென்றால் என்ன என்பதை அந்தக் கதை எட்டுக் கணக்கில் அளந்து காட்டியிருந்தது. தாய்மண், வேர், தொப்புள்கொடி என்று எழுதிய நாற்பது கதைகளை விட இந்த ஒரு கணக்கு வெளியேற்றத்தை அதிகம் சொல்கிறது. நாம் குறியீட்டைத் தேடிக்கொண்டிருந்தோம், பொருள் கண்முன்னே கிடந்தது.

*

இந்த வாசிப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். தமிழில் எழுதுபவர்கள் 'கருவறை' என்கிறார்கள். ராத்தாவும் அவருடைய கூட்டாளிமாரும் 'பை' என்கிறார்கள். 'பை எடுத்தாச்சு', 'அவவுக்குப் பை இறங்கிட்டுது'. இரண்டு சொற்களுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அறை என்றால் அதற்குள் யாரோ குடியிருக்க வேண்டும். அது போனால் வீடு போயிற்று. பை என்றால் அது ஒரு சாமான். சுமந்தது போதும் என்றால் இறக்கி வைக்கலாம். பெண்களின் சொல் உடலோடு ஒட்டியது, கொஞ்சம் பகிடியும் உள்ளது. இலக்கியத்தின் சொல் கனமானது, அழகானது. அந்த அழகே சத்திரசிகிச்சைக்குப் போகும் பெண்ணின் தலையில் சுமையாக ஏறுகிறது. மொழி அவளை வெறுமை என்று சொல்லிவைத்திருக்கிறது, அவள் வீட்டுக்கு வந்து தன்னில் வெறுமையைத் தேடுகிறாள்.

பழைய கிரேக்கர் இன்னொரு பக்கமாகப் போனார்கள். அவர்களுடைய மொழியில் கருப்பைக்கு 'ஹிஸ்டெரா' என்று பெயர். 'ஹிஸ்டீரியா' என்ற நோய்ப்பெயர் அதிலிருந்தே வந்தது. பெண்ணின் மனக்கொதிப்புக்கெல்லாம் கருப்பையே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கருப்பை இருந்தால் பைத்தியம், இல்லாவிட்டால் வெறுமை! இரண்டு பக்கத்திலும் பெண் அந்த ஓர் உறுப்பாகவே சுருங்கிப் போகிறாள்.

நமது எழுத்தில் இதைத் தாண்டியவர்கள் இல்லாமலில்லை. சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் 'மேலும் சில இரத்தக் குறிப்புகள்' என்ற கவிதை மாதாந்த இரத்தத்தில் தொடங்கி, வன்முறையும் போரும் சிந்திய இரத்தத்தை நோக்கி நகர்கிறது. ஈழத்துக் கவிதையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. அது தகுதியால் கிடைத்த இடம். ஆனால் அதைக் கொண்டாடிய நாம் எந்தப் பாதியைக் கொண்டாடினோம்? போரின் இரத்தத்தைப் பற்றிப் பேசினோம். மாதாந்த இரத்தத்தை ஒரு வாசற்படியாக மட்டும் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனோம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோதும் இதேபோன்ற ஒன்றுதான் நடந்தது. மூடிய வீடுகளுக்குள் பெண்கள் தமது உடலைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதை அந்த நாவல் காதுகொடுத்துக் கேட்டது. எமது வட்டங்களிலோ அது சமூகத்தின் மானத்தைக் காற்றில் விட்டதா இல்லையா என்ற வாதமே மேலோங்கியது. ஒரு சாரார் தாக்கினார்கள், மறுசாரார் துணிச்சல் என்று பாராட்டினார்கள். அந்தப் பெண்களுக்கு எங்கே நோகிறது என்று இரு சாராரும் அதிகம் கேட்கவில்லை.

கருப்பை இல்லாமையைத் தமிழில் மிக நிதானமாகப் பார்த்த கதையென்று நான் கருதுவது அம்பையின் 'காட்டில் ஒரு மான்'. அதிலே வரும் தங்கம் அத்தை சத்திரசிகிச்சைக்குள்ளானவள் அல்ல, பூப்படையாதவள். ஆயினும் ஊர் அவளை எந்தக் கண்ணால் பார்க்கிறதோ அதே கண்ணாலேயே பை எடுத்தவளையும் பார்க்கிறது. அத்தை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள்: வழிதவறி வேறொரு காட்டுக்குள் வந்துவிட்ட மான், முதலில் மிரண்டு, பிறகு அந்தக் காட்டோடு பழகிக்கொள்ளும் கதை. அம்பை மானை விளக்கிச் சொல்லாமல் விடுகிறார். அத்தையின் உடல் ஒரு குறைபாடாக இல்லாமல் வேறொரு காடாகத் தெரிவது அதனால்தான். இங்கே உவமை உடலை மறைக்கவில்லை, உடலுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே எனது முறைப்பாடு உவமையின் மீதல்ல. பெண்ணை விலக்கிவிட்டு அவளுடைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் உவமையின் மீது.

கன்னடத்தில் எழுதும் பானு முஷ்தாக் 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். கிரிஷ் காசரவள்ளியின் 'ஹசீனா' (2004) திரைப்படத்துக்கு மூலமான அவருடைய கருநாகங்கள் பற்றிய கதையில், புருஷனால் கைவிடப்பட்ட பெண்ணின் முறைப்பாட்டை முத்தவல்லி தட்டிக்கழிக்கிறார். கடைசியில் அவருடைய சொந்த மனைவியே இனிப் பிள்ளை வேண்டாமென்று கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் புறப்பட்டு விடுகிறாள். அது எதிர்ப்பு. எதிர்ப்பை வாசிக்க நமக்குத் தெரியும். ஆனால் எதிர்ப்பும் இல்லாமல், துரோகமும் இல்லாமல், ஒரு கட்டியும் இரத்தசோகையும் மட்டுமே காரணமாக ஒரு பெண் கட்டிலில் படுத்திருந்தால் அதை எப்படி வாசிப்பதென்று எமக்குத் தெரிவதில்லை. வில்லன் இல்லாத நோவு எமது விமர்சனத்தின் கைக்குள் அகப்படுவதில்லை.

வெளியுலகில் இதனை எழுதியவர்கள் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஹிலரி மேன்டல் இளம்வயதிலிருந்தே தீராத வயிற்று வலியால் துன்பப்பட்டவர். அவருக்கு மனநோய் என்றுதான் முதலில் மருந்து கொடுத்தார்கள். மருத்துவ நூலொன்றைப் படித்து எண்டோமெட்ரியோசிஸ் என்ற தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். 27 வயதில் கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. 2003இல் வெளியான தன்வரலாற்று நூலில் அதை எழுதினார். பிறக்க முடியாமற்போன பிள்ளை அந்த நூலிலும் ஒரு நிழலாக வருகிறாள். ஆனால் மருந்தினால் தன் உடம்பு பருத்ததையும், உடுப்புகள் பொருந்தாமற் போனதையும், டொக்டர்மார் தன்னை நம்பாததையும் அவர் அதே கவனத்தோடு எழுதுகிறார். அதனால் நிழல் உடம்பை விழுங்கவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்கக் கவிஞர் லூசில் கிளிஃப்டன் கருப்பையை நேரே முன்னிலைப்படுத்தி ஒரு கவிதை எழுதினார். நெடுநாள் கூட இருந்த ஒருத்தியை வழியனுப்பும் தொனி அதற்கு. கோவமும் உண்டு, உரிமையும் உண்டு. ராத்தாவிடம் அதன் சாரத்தைச் சொன்னேன். 'அவவும் பை எண்டுதான் சொல்லுறாவா?' என்று கேட்டார். உறையோடும் பையோடும்தான் ஒப்பிடுகிறார் என்றேன். 'பொறகென்ன' என்றார். ஒரு கவிதைக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரையை நான் கண்டதில்லை.

*

குணமாவதைப் பற்றி நாம் எழுதுவதே இல்லை. சத்திரசிகிச்சை ஒன்றிரண்டு மணித்தியாலம். மீள்வது ஆறு கிழமை, சிலருக்கு அதைவிடக் கூட. மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், ஆனால் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய வாளி, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும். மலச்சிக்கல் வரக்கூடாது, முக்கக் கூடாது. சூலகங்களையும் எடுத்திருந்தால் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், நித்திரை வராது. மாதவிடாய் நிற்கும் காலத்துக்குரிய அத்தனையும் ஒரே நாளில் வந்து இறங்கும். விட்டுவைத்திருந்தால் அந்த அளவுக்கு இல்லை. இவையெல்லாம் டொக்டர் சொல்வது. சொல்லாமல் விடுவது, அந்த ஆறு கிழமையும் வாளியைத் தூக்குவது யார் என்பதை.

பிள்ளை பெற்றவளுக்கு எமது ஊர்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாற்பது நாள். சரக்கு அரைத்த கறி, பால்சுறா வறை, வேது, மூத்தம்மாமார் காவல். பிள்ளையைப் பார்க்க வருகிற சனம். நாற்பதாம் நாள் குளிப்பு. தாலாட்டு என்று ஓர் இலக்கிய வடிவமே அந்த நாட்களிலிருந்து பிறந்திருக்கிறது. பை எடுத்தவளின் காலக்கணக்கும் ஏறத்தாழ அதே நாற்பதுதான். ஆனால் அவளுக்கு நாற்பது கொடுப்பவர் இல்லை. 'பிள்ள பெத்துக் கிடந்தப்ப ஊரே வந்துச்சு. இதுக்கு வந்தவங்க வாசல்ல நிண்டு குசுகுசுத்திட்டுப் போனாங்க' என்றார் ராத்தா. கொண்டாட ஒன்றும் இல்லை, ஒப்பாரி வைக்கவும் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நோவுக்கு எமது ஊர் ஒரு சொல்லும் செய்து வைக்கவில்லை, சடங்கும் செய்து வைக்கவில்லை.

முன்பென்றால் அக்காள் தங்கைகள் ஒரே ஒழுங்கையில் இருந்திருப்பார்கள். 1990க்குப் பிறகு அந்த ஒழுங்கை இல்லை. ராத்தாவின் மூத்த மகள் புத்தளத்தில் நாகவில்லில். இளையவள் புருஷனோடு கட்டாரில். மச்சான் ஊருக்கும் புத்தளத்துக்குமாக அலைகிறவர். ஊர் திரும்பினோம் என்கிறோம், திரும்பியவை வீடுகள். உறவு இன்னும் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு வளைகுடாவிலும் சிதறிக் கிடக்கிறது. அதைக் கண்டறிய ஒரு வயிற்றுத் தையல் போதுமாக இருந்தது. மூத்தவள் பத்து நாள் வந்து நின்றாள். அவளுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சை, போய்விட்டாள். பிறகு நான் நின்றேன். ஐம்பது வயதில் முதன்முறையாக ராத்தாவுடைய வீட்டுக் குசினிக்குள் நுழைந்தேன். கிணறு குசினிக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தக் கதையில் வந்த கிணறு எந்த வீட்டினது என்று தெரியாது, ஆனால் வாளியைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கதையின் நினைவு வந்தது.

இந்த இடத்தில் நமது எழுத்தாளர்களும் பேச்சாளர்களும் விரும்பி எடுத்தாளும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அரபியில் கருப்பைக்கு 'ரஹிம்' என்று பெயர். அர்ரஹ்மான், அர்ரஹீம் என்ற இறைநாமங்களும் அதே வேரிலிருந்து வருபவை. தாய்மையின் மகத்துவத்துக்கு இதனை ஆதாரமாகக் காட்டாத மீலாத் மலர் குறைவு. நானும் எழுதியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் ரஹிம் எடுக்கப்பட்டவர்களும் இருப்பார்கள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அதே சொல் நம்மிடையே இன்னொரு பொருளிலும் வழங்குகிறது: சிலத்துர் ரஹிம், உறவைச் சேர்த்து நடத்தல். அந்தப் பொருளில் ரஹிம் என்பது ஒருத்தியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒன்றல்ல. அவளைச் சுற்றி நிற்பவர்கள் செய்யும் ஒன்று. அவளுடைய பை போகலாம்; ரஹிம் போயிற்றா இல்லையா என்பது அவளுடைய வாளியை யார் தூக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டாவது பொருளைத் தொடும் எழுத்துக்களைத் தேடுகிறேன். அதிகம் அகப்படவில்லை.

பெண்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளோ மிகவும் நுணுக்கமானவை. சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாள் வரும் கசிவு ஹைழா, அல்லவா; தொழலாமா? குனிய முடியாதபோது ஸுஜூதை எப்படிச் செய்வது? புருஷன் மவுத்தானால் இத்தா உண்டா? உண்டு, கருப்பை இல்லாவிட்டாலும் நான்கு மாதமும் பத்து நாளும்தான். இவற்றை ராத்தா ஓர் ஆலிமாவிடம் தொலைபேசியில் கேட்டார்; எங்களிடம் கேட்கவில்லை. அடுத்த றமழானில் ஒருநாள் நோன்பு திறந்துகொண்டிருந்தபோது சொன்னார்: 'இந்த முறை முப்பதும் பிடிச்சிருவன். எனக்கு இனிக் கழா இல்ல.' பன்னிரண்டு வயதிலிருந்து வருடாவருடம் விடுபட்ட நோன்புகளை எண்ணி எண்ணி வைத்துப் பிடித்து வந்தவர். அதைச் சொன்னபோது அவருடைய குரலில் இருந்தது சந்தோஷமா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். ஒரு நல்ல சிறுகதைக்கு அந்த ஒரு வசனம் போதும். அதை எழுதக்கூடியவர் ஒருவேளை ஏற்கெனவே எழுதி, என்னைப் போன்ற ஒருவனிடம் புள்ளி குறைய வாங்கியிருப்பார்.

*

இதையெல்லாம் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பை எடுப்பது சாதாரணம், அதில் பேச ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019இல் வெளிவந்தது. அரசு அமைத்த குழு விசாரித்த 82,000 அளவிலான பெண்களில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி போகும், தண்டமும் கட்ட வேண்டும்; சிறு உபாதைக்கும் எடுத்துவிடச் சொல்லும் தனியார் வைத்தியசாலைகள் வேறு. அங்கே பை வறுமைக்கு விலையாகிறது. தேவையில்லாமல் எடுப்பது ஒரு கொடுமை. தேவையானபோது இரத்தம் வற்றும்வரை வெட்கத்தில் மறைத்து வைத்திருப்பது இன்னொரு கொடுமை. ராத்தா மூன்று வருடம் மறைத்தார். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் பெண்கள் தமது உதிரத்தைப் பற்றி வாய்திறந்து பேச வேண்டும். அவர்கள் பேசியதை வாசிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024இல் மன்னாரில் பிரசவத்தை ஒட்டி நேர்ந்த தாய் மரணங்களுக்காக மக்கள் வீதிக்கு வந்தார்கள். வந்தது சரியே. மரணம் நம்மை வீதிக்குக் கொண்டுவரும். உயிர் தப்பிய பெண், ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு ஆறு கிழமை கட்டிலில் கிடப்பவள், யாரையும் வீதிக்குக் கொண்டுவர மாட்டாள். அவளுக்கு இருக்கக்கூடிய இடம் இலக்கியம்தான். அங்கேயும் அவள் மண்ணாக, மொழியாக, சமூகமாக மாறினால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் நின்றவர்கள் நாம்.

இனி ஒரு கதையைக் கையில் எடுக்கும்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: தெரியாத ஒரு பொருள் கதையில் வந்தால் முதலில் அது என்னவென்று விசாரிப்பது, குறியீடு என்று தீர்மானிப்பது அதற்குப் பிறகு. மனைவியிடம் கேட்கலாம், ராத்தாவிடம் கேட்கலாம். விமர்சகன் குசினிக்குள் போய்க் கேட்பதால் விமர்சனத்தின் தரம் குறைந்துவிடாது.

அந்தக் கதையைத் தேடினேன். போட்டியை நடத்தியவர்களிடம் பிரதிகள் இல்லை. எழுதியவர் புனைபெயரில் அனுப்பியிருந்தார். முகவரி ஒரு முகாமினுடையது, அந்த முகாம் இப்போது இல்லை. அவர் மன்னாருக்குத் திரும்பினாரா, புத்தளத்திலேயே தங்கிவிட்டாரா, பிறகு எழுதினாரா, தெரியாது. இந்தப் பக்கங்களை அவரோ அவரை அறிந்தவரோ வாசிக்க நேர்ந்தால், ஒரு பிரதி இருக்குமாயின் இதழுக்கு அனுப்பி வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். ஓரத்தில் நான் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். தலையணை மூன்று இடத்திலும் இருக்கட்டும்.